நம்பிக்கை இடைவெளி: ஒரு சொல்லாட்சி விளக்கம்

‘நம்பிக்கை இடைவெளி’ என்னும் கலைச்சொல் மொழிபெயர்ப்பாளரை எளிதில் வழிதவறச் செய்வது. 1937இல் ஜெர்சி நெய்மன் இக்கோட்பாட்டை விரித்துரைத்தபோது ஆய்வாளரின் மனத்துணிவை அளக்க முற்படவில்லை. கணிப்புமுறையின் நம்பகத்தன்மையையே கருதினார்.

பெரியதொரு மொழிபெயர்ப்புத் தொகுப்பிலிருந்து நேர்வாய்ப்பு முறையில் எடுத்த 400 வாக்கியங்களுள் 80 செயப்பாட்டுவினை கொண்டவை எனக் கொள்க. வீதம் 20 விழுக்காடு. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 16.1 முதல் 23.9 வரை. தொகுப்பின் உண்மை வீதம் இவ்வெல்லைக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 95 விழுக்காடு என்பது பரவலான பிழைவிளக்கம். உண்மை வீதம் மாறாதது. கூறுக்குக் கூறு மாறுவது இடைவெளியே. இவ்வாறு பலமுறை கூறெடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளுள் நூற்றுக்குச் சுமார் 95 உண்மை வீதத்தை உள்ளடக்கும்.

தொகுப்பின் வீதம் 25 விழுக்காடு என்னும் இன்மைக் கருதுகோள் இவ்வெல்லைக்கு வெளியே அமைவதால் 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில் மறுக்கப்படும். 22 மறுக்கப்படாது, ஆயினும் அது மெய்ப்பிக்கப்பட்டதாகாது, ஏனெனில் 18உம் மறுக்கப்படுவதில்லை. ‘மிகைகாண்’ என்பதை ‘முக்கியமான’ எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. 20க்கும் 25க்கும் உள்ள வேறுபாடு நடையியலில் பொருட்படுத்தத்தக்கதா என்பதை மொழியறிவே கூற இயலும்.

அந்த 400 வாக்கியங்களும் ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டிருப்பின் இக்கணக்கே செல்லாது; ஒரு செயப்பாட்டு வாக்கியம் பெரும்பாலும் இன்னொன்றை உடன் அழைத்து வரும்.