படகின் பின்பலகையும் மோட்டாரின் பாரமும்

புணே நகரிலிருந்து மும்பை செல்லும் வழியில் இருக்கிறது தளேகாவ். கடல் அங்கிருந்து வெகுதொலைவு. எனினும் படகைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அருகே இந்திராயணி ஓடுகிறது. பக்கத்திலுள்ள சுதும்பரேயில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஐந்தாம் அணி நிலைகொண்டிருக்கிறது. 2025 ஜூன் 15 அன்று, இந்திராயணியின் குறுக்கே குண்ட்மளாவில் இருந்த பழைய இரும்பு நடைபாலம் சுற்றுலா வந்தோரின் நெரிசலில் இடிந்து நால்வர் உயிரிழந்தபோது, மீட்புப் பணிக்கு விரைந்தோரில் இப்படையினரும் இருந்தனர்.

இத்தகைய மீட்புப் படைகள் பயன்படுத்தும் காற்றடைத்த ரப்பர் படகுகளை நாம் தொலைக்காட்சியில் பலமுறை கண்டிருப்போம். படகு முழுவதும் மென்மையானது. மோட்டார் தொங்கும் பின்பலகை மட்டும் கெட்டியானது. அது பெரும்பாலும் கடல்தர ஒட்டுப்பலகையால் ஆனது. படகு ரப்பரானாலும் மரமானாலும், மோட்டாரின் பாரத்தைத் தாங்குவது அந்த ஒரு பலகைதான். நம் கடற்கரையில் முன்பக்கத்தை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். அமரத்தை அடைக்கும் பலகையைப் பற்றியே இக்கட்டுரை.

2019 ஆகஸ்டில் கிருஷ்ணா நதி பெருகிச் சாங்லி மாவட்டம் மூழ்கியது. பிரம்மநாள் கிராமத்தில், மக்களை ஏற்றிச் சென்ற உள்ளூர்ப் படகொன்று ஆகஸ்ட் 8 அன்று கவிழ்ந்து பலர் மாண்டனர். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்ததாகச் செய்திகள் கூறின. மீட்புப் படை வந்து சேரும்வரை ஊரார்க்குத் துணை ஊர்ப் படகே. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்துவிட்டு, ஒருநாள் உயிர்காக்க அழைக்கப்படும் படகு அது. அதன் பின்பலகை உளுத்திருந்தால், புதிய மோட்டார் வாங்கியும் பயனில்லை.

மோட்டார் பலகையை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். 25 குதிரைத்திறன் கொண்ட இரண்டடி மோட்டார் ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. நின்ற நிலையில் அந்த எடை பலகையின் மேல்விளிம்பில் தொங்குகிறது. சுழலி ஓடத் தொடங்கியதும் கதை மாறுகிறது. தள்ளும் விசை, பிடிப்பானுக்கு வெகு கீழே, நீருக்குள் பிறக்கிறது. ஆகவே பிடிப்பானின் கீழ்ப்பகுதி பலகையை முன்னோக்கி அழுத்துகிறது. மேற்பகுதி பின்னோக்கி இழுக்கிறது. பலகையைப் பிய்த்தெடுக்கும் முயற்சி ஓயாமல் நடக்கிறது. இந்த விசையைப் பலகை தனியாகத் தாங்க முடியாது. பலகைக்கும் அடிமரத்துக்கும் இடையே முழங்கால் போல் வளைந்த முட்டுக்கட்டைகளை வைத்து, அதைப் படகின் முதுகெலும்புக்குக் கடத்த வேண்டும். பலகையைப் புதுப்பித்து முட்டுக்கட்டையைப் பழையதாகவே விட்டுவிடுவோர் பலர். அது பாதி வேலை.

உளுப்பைக் கண்டறிவது எளிது. மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயமிருந்தால் குத்தூசியால் அழுத்திப் பார்க்கலாம். பிடிப்பான் கடித்த மேல்விளிம்பு, பழைய போல்ட் துளைகள், நீர்வடி துளையின் சுற்றுப்புறம் ஆகிய மூன்றுமே வழக்கமான குற்றவாளிகள். நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுக்க வேண்டும். மேலே பிசினைப் பூசி மறைப்பது நோயை உள்ளே பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

புதிய பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையே ஏற்றது. 19 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டை எபாக்சியால் ஒட்டினால் 38 மில்லிமீட்டர் கிடைக்கும். சிறு மோட்டார்களின் பிடிப்பான்களுக்கு இத்தடிப்பு பொருந்தும். பழைய பலகையையே அச்சாக வைத்து வரைந்து அறுக்கலாம். நீர் நுழைவது பெரும்பாலும் அறுத்த விளிம்புகள் வழியாகவே. அவற்றுக்குக் கூடுதலாக எபாக்சி பூச வேண்டும். போல்ட் துளைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் தேவைக்கும் பெரிதாகத் துளையிட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைப்பார்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை.

அடுத்தது உயரம். மோட்டார்த் தண்டு பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரு நீளங்களில் வருகிறது. பலகையின் மேல்விளிம்பு நடுவிலிருந்து படகின் அடிவரை அளந்தபின்பே மோட்டாரை வாங்க வேண்டும். சுழலிக்கு மேலுள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்பது நலம். தண்டு குட்டையானால் சுழலி காற்றைக் குடிக்கும். இயந்திரம் அலறும், படகு நகராது. நெடியதானால் இழுவை கூடும். வெள்ளத்தில் மூழ்கிய மதிலிலும் வேலியிலும் இடிக்கும்.

பெரிய மோட்டாரே சிறந்தது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அளவுக்கு மீறிய எடை அமரத்தை அமிழ்த்தும். பலகையின் வெட்டுவழியே நீர் உள்ளே வரும்.

இந்த அறிவு தமிழகத்துக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவியும் பொறியாளருமான பியர் ஜில்லே, 1980களில் மீனவர்களுடன் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். கட்டுமரத்துக்குப் பின்பலகையே கிடையாது. இருமுனையும் கூரான வள்ளங்களில் மோட்டாரைப் பக்கவாட்டுச் சட்டத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. தம் அனுபவத்தை 1985இல் நூலாக்கியபோது ஜில்லே அதற்குச் 'சிறியது கடினம்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். 'சிறியதே அழகு' என்ற ஷுமாக்கரின் புகழ்பெற்ற தலைப்புக்கு மீனவர் கரையிலிருந்து சென்ற மறுமொழி அது.

கடன் கோரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். மதிப்பீட்டில் மோட்டாரின் விலையை மட்டும் எழுதாதீர்கள். பலகை, முட்டுக்கட்டை, துருவேறா எஃகுப் போல்ட்டுகள், தச்சர் கூலி ஆகியவற்றையும் சேர்த்தெழுதுங்கள். மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டை எரிபொருள் போன்ற நடப்புச் செலவுக்கானது; மோட்டாருக்குத் தவணைக் கடனே முறை.

பொருத்தியபின் மோட்டாரை நீரின்றி ஓட்டிப் பார்க்கக் கூடாது. குளிர்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் நொடிகளில் கருகும். பிடிப்பான் திருகுகள் அதிர்வில் தளரக்கூடியவை. ஆகவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் தேவை. ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு அவர் உடலோடு இணைந்திருக்க வேண்டும். முதல் ஒரு மணிநேர ஓட்டம் முடிந்ததும் படகைக் கரையேற்றி, நட்டுகளை மறுபடி இறுக்கி, பலகையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். போல்ட் முனைகளைச் சுற்றி ஈரம் தட்டுப்பட்டால் அன்றே கழற்றி மறுபடி அடைக்க வேண்டும்.