ஐப்பசி மழையும் மலையாற்று மீனும்

மீன் என்றால் அது கடலிலிருந்து வருவது என்றே மலைநாட்டில் வாழ்வோர் பலரும் எண்ணுகின்றனர். தோட்டத்து லயங்களிலும் கிராமங்களிலும் சமைக்கப்படும் மீன் பெரும்பாலும் கருவாடாகவோ தகரத்தில் அடைத்த மீனாகவோ கடைவழியே வருவதே இவ்வெண்ணத்திற்குக் காரணமாகும். ஆயினும், மரக்கறிப் பாத்திகளின் அடியிலும் வயலோரத்திலும் ஓடும் ஓயாவும் ஒரு விளைநிலமே. அந்நிலத்தில் நாம் விதைப்பதில்லை, உரமிடுவதில்லை. எனினும், அதன் விளைச்சல் பெருகுவதும் அழிவதும் மேட்டுநிலத்தில் நாம் செய்யும் கமத்தொழிலையே பெரிதும் சார்ந்துள்ளன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றுமீனைப் பிடிக்கும் முறையையும், அம்மீனைக் காக்கும் வழியையும் இத்துண்டுப்பிரசுரம் எடுத்துரைக்கிறது.

கூதிர்கால நீர்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் கூதிர்காலமாகும். வைகாசி முதல் வீசிய தென்மேற்குப் பருவக்காற்று அப்போது ஓய்ந்துவிடும்; வடகீழ்ப் பருவக்காற்று இன்னும் வலுப்பெற்றிராது. இவ்விடைக்காலத்தில் காலை வெளுப்பாக இருந்து, பிற்பகலில் இடியுடன் கூடிய பெருமழை பொழிவது வழக்கம். நுவரெலியாவில் அதிக மழை பெறும் மாதங்களுள் ஒக்டோபரும் ஒன்று. பெரும்போகத்திற்கு வயல்கள் பண்படுத்தப்படுவதும் இக்காலத்திலேயே.

இம்மழை நீர் இரு பெரும் ஆறுகளைச் சென்றடைகிறது. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து நீரைக் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்திற்குக் கொண்டு செல்கிறது. சிவனொளிபாதமலைச் சாரலின் நீரை மஸ்கெலி ஓயா மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்குக் கொண்டு செல்கிறது. இவ்விரு ஓயாக்களும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றுகூடிக் களனி கங்கை எனப் பெயர் பெறுகின்றன. நானுஓயா, தலவாக்கலைப் பகுதிகளின் நீரோ கொத்மலை ஓயா வழியாக மகாவலி கங்கையிற் கலக்கிறது. ஆகவே, நம் பாத்தியிலிருந்து கழுவப்படும் மண் கீழ்நாட்டுக் கமக்காரனின் வாய்க்காலையும் சென்றடையக் கூடியது என்பதை மறத்தலாகாது.

நம் நீரிலுள்ள மீன்கள்

விரால், விலாங்கு, பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் சிறுமீன்கள் ஆகியன இந்நாட்டு நீர்நிலைகளில் இயல்பாகவே வாழ்பவை. விலாங்கு நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்குக் கடலுக்குச் செல்லும் இயல்புடையது.

குளிர்ந்த மேட்டு ஓடைகளிலுள்ள டிரவுட் மீன் வெளிநாட்டிலிருந்து வந்ததாகும். பிரித்தானியத் தோட்டத்துரைமார் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதனை இங்கு கொணர்ந்தனர். முதலில் வந்த பழுப்பு டிரவுட் நன்கு பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. இம்மீனுக்குக் குளிர்ந்த, தெளிந்த, வேகமாக ஓடும் நீர் இன்றியமையாதது. நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவிற்கு அதில் ஒட்சிசன் மிகுதியாகக் கரையும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசிற்கு மேற்படின் டிரவுட் வருந்தும். ஓடைக்கரை மரங்களை வெட்டினால் மீன் குறைவதற்கு இது ஒரு காரணமாகும்.

நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவும் கெண்டையினங்களுமே முதன்மையானவை. திலாப்பியா இலங்கைக்கு 1952ஆம் ஆண்டளவில் கொணரப்பட்டது. நிலைநீரிற் தானே குஞ்சு பொரித்துப் பெருகும். கட்லா, ரோகு முதலிய இந்தியக் கெண்டைகளோ தேங்கிய நீரில் இயல்பாக இனம் பெருக்குவதில்லை. எனவே, அவற்றின் குஞ்சுகளைப் பண்ணைகளில் வளர்த்து நீர்த்தேக்கங்களில் விடவேண்டியுள்ளது.

மீன் கிடைக்கும் வேளையும் இடமும்

பெருமழை பெய்து ஓயா செந்நிறமாகப் பெருகும்போது தூண்டில் போடுவது வீண். மீன்கள் அப்போது பெரும்பாறைகளின் பின்புறத்திலும் கரைக்குடைவுகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். வெள்ளம் வடிந்து, நீர் தெளியத் தொடங்கும் நேரமே ஏற்றது. மழையில் அடித்துவரப்பட்ட மண்புழுக்களையும் பூச்சிகளையும் தின்பதற்கு மீன்கள் அப்போது கரையோரம் வரும். ஆதலின், பிற்பகல் மழைக்கு மறுநாட் காலை நல்வேளையாகும்.

ஓடும் நீரில் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். எனவே, கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி மெல்ல நடந்து சென்று தூண்டிலிட வேண்டும். மேற்புறத்திலிருந்து வருபவனை மீன் எளிதிற் கண்டுகொள்ளும். நீர் பாறையில் விழுந்து மடுவாகும் இடத்தின் தலைப்பகுதியும், பாறைக்குப் பின்னுள்ள அமைதியான நீரும் சிறந்த இடங்கள். நீர்த்தேக்கத்தில், ஓடை வந்து சேரும் வாயிலும், உயர்ந்த நீரில் புதிதாக மூழ்கிய புல்லோரமும் பார்க்கத்தக்கவை.

பிற்பகலில் இடி கேட்டால் ஆற்றின் நடுப்பாறையில் நிற்றலாகாது. நாம் நிற்குமிடத்தில் மழை பெய்யாவிடினும் மலையுச்சியிற் பெய்த மழை சிறிது நேரத்தில் வெள்ளமாக வந்து சேரும். அணைக்கட்டுகளின் கீழே, வான்கதவுகள் திறக்கப்படும்போது நீர் திடீரென உயரும். எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் கரையேறுதல் வேண்டும். ஒரு மீனுக்காக உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

மீனைக் கொல்லும் இரண்டு

தூண்டிலாற் பிடிக்கப்படும் மீன் ஆற்றுக்குப் பெருங்குறையன்று. கலங்கலும் நஞ்சுமே ஆற்றை வெறுமையாக்குகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் மேட்டுநிலத்திலிருந்தே வருகின்றன.

முதலாவது மண். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றிற்காகச் சரிவுநிலத்தைக் கொத்திப் பண்படுத்தியபின் ஐப்பசி மழை பெய்யுமாயின், மேல்மண் கரைந்தோடும். அம்மண் ஓயாவின் கூழாங்கற்களிடையே படிகிறது. டிரவுட் முதலிய மீன்கள் கூழாங்கற்களுக்கிடையே இடும் முட்டைகள் காற்றின்றி அழிகின்றன. கல்லின் அடியில் வாழும் பூச்சிகளும் மாள்வதால் பிழைத்த மீனுக்கும் இரையில்லை. கமக்காரனுக்கோ, விலைகொடுத்து வாங்கியிட்ட பசளையும் அம்மண்ணுடனே போய்விடுகிறது. மீனுக்கு நேரும் கேடும் நிலத்திற்கு நேரும் கேடும் ஒன்றே.

இரண்டாவது நஞ்சு. முன்னர் மரக்கறிக்கு விசிறப்பட்ட எண்டோசல்பன் மீனுக்குக் கொடிய நஞ்சாக இருந்தது; மனிதருக்கும் கேடு விளைத்தமையால் 1998இல் இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. எனினும், அதன்பின் கைக்கொள்ளப்பட்ட மருந்துகள் யாவும் மீனுக்குத் தீங்கற்றவை எனக் கருதுதல் தவறு. சைப்பர்மெத்ரின் போன்றவை, நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு சில பங்கு கலந்தாலே டிரவுட்டைக் கொல்லவல்லவை. தேயிலையில் 1946இல் இலங்கையிற் தோன்றிய கொப்புள நோய்க்கு விசிறப்பட்ட செப்புச் சேர்வைகளும் நீர்வாழ் உயிர்களுக்குத் தீயவை. மருந்து விசிறிய கருவியை ஓடையில் ஒருமுறை கழுவினால் நெடுந்தூரம் மீன் செத்து மிதக்கக்கூடும். அதே ஓடையிற் கீழே லயத்துப் பிள்ளைகள் குளிப்பர். பெண்கள் துணி துவைப்பர். சில இடங்களிற் குடிநீரும் அதுவே. செத்து மிதக்கும் மீன் அவர்களுக்கும் ஓர் எச்சரிக்கையாகும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. பாத்திகளைச் சரிவின் குறுக்கே, சமவுயரக் கோட்டில் அமைக்க. மேலிருந்து கீழாக அமைத்த பாத்தி மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும்.

2. கான்களின் இடையிடையே மண்தேங்கு குழிகளை வெட்டுக. அவற்றிற் படிந்த மண்ணை மழையின் பின் அள்ளி மீண்டும் பாத்தியில் இடுக. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தேவைகளை முன்னிட்டே இயற்றப்பட்டது.

3. ஓடைக்கரையிற் கொத்தாது ஒரு பகுதியை விட்டு, அங்கு புல்லும் மரமும் வளரவிடுக. புல் மண்ணை வடிகட்டும். மர நிழல் நீரைக் குளிர்விக்கும்.

4. பிற்பகல் மழை பெய்யுமெனத் தோன்றும் நாளில் மருந்து விசிறற்க. மழையில் கழுவுண்ட மருந்து பயிருக்கும் பயன்படாது.

5. கருவியையும் வெற்றுப் போத்தலையும் மும்முறை நீரூற்றி அலசி, அந்நீரை விசிறும் கலத்திலேயே சேர்த்துப் பயிருக்கு விசிறிவிடுக. ஓடையருகில் மருந்து கலக்குதலும் கூடாது.

6. சிறுமீன்களையும் முட்டை நிறைந்த மீன்களையும் கண்டால் நீரிலேயே விட்டுவிடுக.

7. காரணமின்றி மீன்கள் செத்து மிதக்கக் கண்டால் அவற்றை உண்ணற்க. பிறரும் அந்நீரைப் பயன்படுத்தாதவாறு கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவிக்க.

சட்டம் கூறுவது

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி வெடி வைத்தோ, நஞ்சு அல்லது மயக்கப்பொருள் கலந்தோ மீன் பிடிப்பது குற்றமாகும். நீர்த்தேக்கங்களில் வலையிட்டு மீன்பிடிக்க அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். விதிக்கப்பட்ட அளவிலும் சிறிய கண்ணுள்ள வலையைப் பயன்படுத்தலாகாது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக விளங்குவதால், அதனுள் அனுமதியின்றித் தூண்டில் போடுதலும் கூடாது.

நன்னீர் மீன்வளத்தைப் பேணும் பணி 1999இல் நிறுவப்பட்ட தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையைச் சார்ந்தது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க விரும்புவோர் முதலில் அப்பகுதி மீனவர் சங்கத்தையும், அதிகாரசபையின் விரிவாக்க உத்தியோகத்தரையும் கண்டு ஆலோசனை பெறுவது நன்று.

முடிவாக

ஐப்பசி மழையின் பின் உங்கள் நிலத்தின் கீழுள்ள ஓடையைச் சென்று பாருங்கள். நீர் விரைவில் தெளிந்து, கூழாங்கற்கள் கண்ணுக்குத் தெரியுமாயின் உங்கள் மண் உங்கள் நிலத்திலேயே நிற்கிறது. அந்நீரில் மீனும் நிற்கும். பல நாளாகியும் ஓடை செந்நிறமாகவே ஓடுமாயின், அடுத்த மழைக்குமுன் கான்களையும் பாத்திகளையும் திருத்துங்கள். நன்கு பேணப்பட்ட நிலம் மரக்கறியைத் தருவதோடு, கூலி நாளின் முடிவில் ஏழைக் குடும்பத்தின் சட்டியில் இடுவதற்கு ஒரு மீனையும் தரும்.