ஏறத் தேவையில்லை, சுற்றினாலே புண்ணியம்! அண்ணாமலையார் மலை மகிமை

திருவண்ணாமலை:

பழநிக்குப் போனால் படி ஏறணும். சபரிமலைக்கு இருமுடி சுமந்து ஏறணும். நம்ம திருவண்ணாமலை மாவட்டத்திலேயே கலசப்பாக்கம் பக்கம் இருக்கிற பர்வதமலையில், சங்கிலியைப் பிடித்துத்தான் உச்சிக்குப் போக முடியும். மலை மேலே சாமி இருக்கிறார், பக்தர்கள் ஏறிப்போய் கும்பிடுகிறார்கள்.

ஆனால் திருவண்ணாமலைக்கு பவுர்ணமி தோறும் வரும் லட்சக்கணக்கான பக்தர்கள் மலை ஏறுவது இல்லை. 14 கிலோ மீட்டர் தூரம் மலையைச் சுற்றி நடந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஏன் தெரியுமா?

இங்கே மலை மேலே சாமி இல்லை. மலையேதான் சாமி!

அடிமுடி காணாத ஜோதி

பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் ‘யார் பெரியவர்?’ என்று சண்டை வந்தது. அப்போது சிவபெருமான் நெருப்புத் தூணாக நின்றார். விஷ்ணு பன்றி உருவம் எடுத்து அடியைத் தேடினார். பிரம்மா அன்னமாகப் பறந்து முடியைத் தேடினார். இரண்டு பேராலும் காண முடியவில்லை.

அந்த நெருப்புத் தூண்தான் குளிர்ந்து, இன்று 2,668 அடி உயர மலையாக நிற்கிறது என்கிறது தலபுராணம். பஞ்சபூத தலங்களில் இது அக்னி தலம் ஆனதும் இதனால்தான்.

மலையே சிவலிங்கம் என்றால், அதன் மேல் கால் வைக்கலாமா? கோவிலுக்குள் மூலவரைச் சுற்றி வருவதைப் போல, மலையையும் வலம் வரும் வழக்கத்துக்கு இதுதான் காரணம்.

மலைக்கு பிராயச்சித்தம்

கார்த்திகை தீபத்துக்கு மட்டும் உச்சிக்கு ஆள் போகத்தான் வேண்டும். பருவதராஜ குலத்தினர் பரம்பரை பரம்பரையாக இந்தத் திருப்பணியைச் செய்கிறார்கள். கொப்பரை, நெய், திரி எல்லாம் ஆள் சுமந்துதான் மேலே போகிறது. மாலை 6 மணிக்கு ஏற்றும் மகாதீபம் 11 நாட்கள் எரியும்.

விழா முடிந்ததும் மலைக்கு பிராயச்சித்த பூஜை நடக்கும். சாமி மேல் கால் பட்டுவிட்டதே என்று செய்கிற பரிகாரம் இது. சாமி காரியத்துக்கு ஏறினாலே பரிகாரம் என்றால், வேடிக்கைக்கு ஏறலாமா?

இன்னொரு விசேஷமும் உண்டு. கார்த்திகை தீபம் முடிந்ததும் ஒரு தடவை, தை மாதம் திருவூடல் முடிந்ததும் ஒரு தடவை, அண்ணாமலையாரே கிரிவலம் வருகிறார். சாமியே சுற்றித்தான் வருகிறார்!

திபெத்தில் உள்ள கயிலாய மலையிலும் இதே கதைதான். அங்கேயும் யாரும் உச்சிக்கு ஏறுவது இல்லை. சுமார் 52 கிலோ மீட்டர் சுற்றி வந்து கும்பிடுகிறார்கள்.

மறக்க முடியாத டிசம்பர்

இது வெறும் ஐதீகம் மட்டும் இல்லை. 2024-ம் ஆண்டு பெஞ்சல் புயல் மழையின்போது, டிசம்பர் 1-ந் தேதி மலைச்சரிவில் மண் சரிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து 7 பேர் பலியானார்கள். அதில் 5 பேர் குழந்தைகள்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேர் வரை பாஸ் வாங்கி மலை ஏறினார்கள். அந்த ஆண்டு நிபுணர்கள் வந்து மலையைப் பார்த்த பிறகு, பக்தர்கள் ஏற அனுமதி தரவில்லை. தீபத் திருப்பணி செய்கிறவர்கள் மட்டும் போனார்கள். டிசம்பர் 13-ந் தேதி தீபம் வழக்கம்போல ஜொலித்தது. கீழே நின்றவர்கள் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று கும்பிட்டார்கள். யாருக்கும் புண்ணியம் குறைந்துவிடவில்லை.

உச்சிக்குப் போனால்தான் பலன் என்று நினைத்து, தெரியாத பாதையில் போகிறவர்கள் இதை யோசிக்கணும். வழி தவறினால் தேடி வருவது கஷ்டம். மழையில் நனைந்த பாறை எப்போது உருளும் என்று யாருக்கும் தெரியாது.

காசு வேண்டாம், கால் போதும்

கிரிவலத்துக்கு டிக்கெட் கிடையாது. வி.ஐ.பி. வரிசையும் கிடையாது. கூலி வேலைக்குப் போறவங்களும் கோடீஸ்வரரும் ஒரே ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்.

மலை எப்போதும் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கணும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. அதனால் ரோட்டின் இடது ஓரமாக நடக்க வேண்டும். வழியில் இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை 8 லிங்கங்கள் இருக்கின்றன. நிதானமாகக் கும்பிட்டுப் போனால் 4, 5 மணி நேரம் ஆகும்.

பவுர்ணமிதான் வரணும் என்ற கட்டாயமும் இல்லை. எந்த நாளும் வலம் வரலாம். வயசானவங்க, குழந்தையோடு வர்றவங்க கூட்டம் இல்லாத நாளில், வெயிலுக்கு முன்னால் அதிகாலையில் கிளம்பினால் கால் சுடாது. கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால் நல்லது. காலி பாட்டிலை மட்டும் மலைப்பக்கம் வீசாதீங்க. அது சாமி மேல் வீசுவதற்குச் சமம்!