பெல்ட் இயக்க இசைத்தட்டுக் கருவி

பெல்ட் இயக்க இசைத்தட்டுக் கருவி என்பது, மின்னோடியின் சுழற்சியை இரப்பர் பெல்ட் ஒன்றின் வழியாகச் சுழல்தட்டுக்குக் கடத்தி இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும் கருவியாகும். 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைப் பெருமளவில் தயாரித்தன. பயனியர் பிஎல்-12டி, சான்சுயி எஸ்ஆர்-222 ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

அமைப்பு

மின்னோடியின் அச்சில் இரண்டு விட்டங்கள் கொண்ட சிறு கப்பி பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று நிமிடத்திற்கு 33⅓ சுற்றுக்கும், மற்றது 45 சுற்றுக்கும் உரியது. நெகிழும் பெல்ட் மின்னோடியின் அதிர்வை உட்கொள்வதால், இரைச்சல் ஊசியை எட்டுவது குறைகிறது.

மின்சாரமும் வேகமும்

பழைய கருவிகள் பலவற்றில் ஒத்தியங்கு மின்னோடி உள்ளது. இதன் வேகத்தை மின்னழுத்தம் அன்றி மின்சாரத்தின் அதிர்வெண்ணே தீர்மானிக்கிறது. எனவே உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் மின்னழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலும் பாட்டின் வேகம் மாறுவதில்லை.

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். அதிர்வெண் கிழக்கே 50 ஹேர்ட்ஸ், மேற்கே 60 ஹேர்ட்ஸ். இந்தியாவில் இவை 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நான்கு முனை மின்னோடி 60 ஹேர்ட்சில் நிமிடத்திற்கு 1800 முறையும், 50 ஹேர்ட்சில் 1500 முறையும் சுழலும். மின்மாற்றி மின்னழுத்தத்தை மட்டுமே குறைக்கும்; அதிர்வெண்ணை மாற்றாது. ஆகவே 60 ஹேர்ட்ஸ் கப்பியுடைய கருவி இங்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்றே சுழலும்.

இதனால் 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். சுருதியும் மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று மேலாக இறங்கும். ஒரு கட்டையில் பாடப்பட்ட கீர்த்தனை, கீழ்த்தாயியின் ஆறு கட்டையை ஒட்டி ஒலிக்கும். ஏறக்குறைய 1.2 மடங்கு விட்டமுள்ள 50 ஹேர்ட்ஸ் கப்பியைப் பொருத்துவதே இதற்குத் தீர்வு. நேர்மின்னோடி கொண்ட பிற்கால மாதிரிகளுக்கு இச்சிக்கல் இல்லை.

வேகத்தைச் சோதித்தல்

விளிம்பைச் சுற்றி 180 கோடுகள் சம இடைவெளியில் அச்சிடப்பட்ட வட்டத்தைச் சுழல்தட்டின் மேல் வைத்து, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கொளியில் காணவேண்டும். வேகம் 33⅓ சுற்றாக இருப்பின் கோடுகள் அசையாது நிற்பதுபோல் தோன்றும். வேகம் குறைந்தால் பின்னோக்கியும், மிகுந்தால் முன்னோக்கியும் நகரும். 60 ஹேர்ட்சுக்கு உரிய வட்டத்தில் 216 கோடுகள் இருக்கும். அது இந்தியாவில் பயன்படாது.

78 சுற்று இசைத்தட்டுகள்

பழைய தமிழ் இசைத்தட்டுகளுள் பல 78 சுற்று வேகத்தில் பதிவானவை. இக்கருவிகளுள் பெரும்பாலானவற்றில் அவ்வேகம் இல்லை. மேலும் அவற்றின் அகன்ற வரித்தடத்திற்குப் பருத்த முனையுள்ள தனி ஊசி தேவை. நெட்டிசைத்தட்டின் ஊசியை அவற்றில் வைத்தால் அது தடத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலைப் பெருக்கும்.

பராமரிப்பு

காலப்போக்கில் பெல்ட் தளர்ந்தோ இறுகியோ போகும். தளர்ந்த பெல்ட் வழுக்குவதால் சுருதி அலையும். புதிய பெல்ட்டின் சுற்றளவும் தடிமனும் அந்தந்த மாதிரிக்குப் பொருந்தவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இரப்பரைக் கெடுக்குமாதலால், பெல்ட்டை மாற்றும்போது கப்பியையும் தட்டின் உள்விளிம்பையும் துடைப்பது அவசியம்.