மணிக்கூடு ஆற்றை கையிலை?

கைத்தொழில் புரட்சி எண்டவுடனை எங்களிலை கனபேருக்கு ஞாபகம் வாறது சோதினைக்குப் பாடமாக்கின பட்டியல்தான். ஜேம்ஸ் வாட், நீராவி இயந்திரம், நூற்கும் ஜெனி, மான்செஸ்டர்... எழுதிப்போட்டு மறந்தாச்சு :-) ரொறன்ரோவுக்குப் படிக்க வந்து சென் ஜேம்ஸ் ரவுணிலை குடியிருக்கத் தொடங்கின பிறகு, அந்தப் பட்டியலிலை இல்லாத ஒரு இயந்திரம்தான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசாத் தெரியுது. மணிக்கூடு!

இது என்ரை கண்டுபிடிப்பில்லை. ஈ.பி. தொம்சன் எண்ட பிரித்தானிய வரலாற்றாசிரியர் 1967 இல் எழுதின ஒரு கட்டுரையின்ரை சாரம். ஆலைகள் வர முந்தி சனம் வேலையை வைச்சு நாளை அளந்தது. ஆலை வந்தபிறகு மணிக்கூட்டை வைச்சு வேலையை அளக்கப் பழக்கப்பட்டது. அதோடை நேரம் ஒரு சாமானாப் போச்சு. ஒருத்தர் விக்கலாம், இன்னொருத்தர் வாங்கலாம், களவும் எடுக்கலாம்.

எங்கடை ஊரிலை இது எப்பிடி நடந்தது எண்டு யோசிச்சா காங்கேசன்துறை சீமேந்து ஆலைதான் நினைவுக்கு வருது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருந்த காலத்திலை, 1950 இல் தொடங்கின அரசாங்க ஆலை. சுண்ணாம்புக்கல் காலடியிலையே கிடந்தது, களி முருங்கனிலையிருந்து வந்தது. ரெண்டையும் அரைச்சு, சுழலுற சூளைக்குள்ளை 1,450 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடவேணும். அந்தச் சூளையைப் பின்னேரம் அணைச்சுப்போட்டு விடிய மூட்டேலாது. அடிக்கடி ஆறவிட்டா உள்ளுக்குப் பதிச்ச செங்கல் வெடிச்சுக் கழரும். திருப்பிச் சூடாக்கிறதுக்கு எரிபொருளும் நேரமும் வீண். அதாலை சூளை நிக்காது, மனுசர்தான் மாறிமாறி நிக்கவேணும். ஷிஃப்ட் எண்ட சொல்லு எங்கடை வீடுகளுக்குள்ளை வந்த வழியளிலை ஒண்டு இது.

ஊரிலை முறை எண்டது புதிசில்லை. பங்குக் கிணத்திலை தண்ணி இறைக்க முறை இருந்தது. விடியப்புறம் ஆர், வெயில் தாழ்ந்தாப்பிறகு ஆர் எண்டு பங்காளியள் தங்களுக்குள்ளை பேசித் தீர்த்தினம். ஒரு வீட்டிலை செத்தவீடு எண்டா முறையை மாத்திக் குடுக்கலாம். சூளையோடை அப்பிடிப் பேசேலாது. அப்பா பகலிலை நித்திரை, பிள்ளையள் சத்தம் போடக்கூடாது, நல்லநாள் பெருநாளும் ஷிஃப்டைப் பாத்துத்தான். ஒரு வீட்டின்ரை நாள்முழுக்க மாறிப்போகும்.

அதுக்காக "பழைய காலம் பொற்காலம்" எண்டு எழுதப் போறேல்லை. கிணத்து முறையைப் பேசித் தீர்த்தது காணியும் கிணத்துப் பங்கும் இருந்த ஆக்கள். ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை அந்தக் கிணத்திலை அள்ளவே விடேல்லை. அவைக்கு விதிச்ச குடிமை வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. கூப்பிட்டா போகவேணும். அப்பிடி வாழ்ந்த ஒருத்தருக்கு, எட்டு மணித்தியாலம் முடிஞ்சவுடனை "இனி என்ரை நேரம்" எண்டு வெளியிலை வரக்கூடிய ஒரு வேலை எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மாதச் சம்பளம் வேறை. 1958 இலை வந்த சட்டத்தோடை ஊழியர் சேமலாப நிதியும். ஆலை மணிக்கூடு உங்கடை நேரத்தை வாங்குது, உண்மைதான். ஆனா வாங்கினது இவ்வளவுதான் எண்டு ஒரு எல்லையும் போடுது.

அந்த எல்லை சும்மா வரேல்லை. அதுக்காகச் சண்டை பிடிச்ச இடங்களிலை ஒண்டு, எங்கடை கட்டடத்திலையிருந்து நடந்தே போகக்கூடிய குயின்ஸ் பார்க். 1872 மார்ச் 25 இல் ரொறன்ரோ அச்சுத் தொழிலாளர் நாளுக்கு ஒன்பது மணித்தியால வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தினம். பத்து மணித்தியாலமும் அதுக்கு மேலையும் சாதாரணமா இருந்த காலம். ஏப்ரல் 15 இல் ஊர்வலம் குயின்ஸ் பார்க்குக்கு வந்து சேரேக்கை சுமார் 10,000 பேர் நிண்டினம். 'குளோப்' பத்திரிகை முதலாளி ஜோர்ஜ் பிரவுண் விட்டுக்குடுக்கேல்லை. தொழிலாளர் கூட்டுச் சேருறதையே அப்ப சதிக்குற்றமாக்கலாம். அதை வைச்சு 24 பேரைக் கைதுசெய்விச்சார். அவரின்ரை அரசியல் எதிரி பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரோ? ஜூன் மாதமே தொழிற்சங்கச் சட்டம் வந்திட்டுது. ஒன்பது மணித்தியாலம் எல்லாருக்கும் உடனை கிடைக்கேல்லை, நிறுத்தத்துக்குப் போன சிலருக்கு வேலையும் போச்சு. ஆனா நேரத்துக்குப் பேரம் பேசினதுக்காக மறியலுக்குப் போறது நிண்டுது.

ஏழு வருசம் கழிச்சு, 1879 இல், இதே நகரத்திலைதான் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் எண்ட ரயில்வேப் பொறியியலாளர் உலகத்தை 24 நேர வலயமாப் பிரிக்கிற யோசனையை ஒரு கூட்டத்திலை வாசிச்சார். அதுவரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்ச் சூரியன்தான் நேரம். ரயிலுக்கு அது சரிவரேல்லை. 1883 நவம்பர் 18 இல் வட அமெரிக்க ரயில் கம்பனியள் பொது நேரத்துக்கு மாறிச்சினம். முதல்லை ஆலை, பிறகு ரயில், கடைசியா ஊர் முழுக்க அந்த மணிக்கூட்டுக்குக் கீழை வந்திட்டுது.

மணிக்கூட்டை ஆர் வைக்கிறது எண்டது ஆட்சிக் கேள்வி எண்டு எங்கடை சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1996 இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இலங்கை அரசு நேரத்தை முன்னுக்குத் தள்ளினது. புலிகளின்ரை கட்டுப்பாட்டுப் பகுதியிலை பழைய நேரமே இருந்தது. 2006 ஏப்ரலிலை அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்மட்டும் ஒரு தீவிலை ரெண்டு நேரம்.

இனி சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வருவம். 1960களிலை எழும்பத் தொடங்கின அடுக்குமாடியள். உலகத்தின்ரை எல்லாத் திசைச் சனமும் இருக்கினம். விடிய நாலரைக்கு ஷேர்போர்ன் பக்கம் வந்து பாருங்கோ, குளிருக்குள்ளை பஸ்ஸுக்கு நிக்கிறவை கொஞ்சநஞ்சமில்லை. இவையிலை கனபேருக்கு நிரந்தர ஷிஃப்ட் எண்டு ஒண்டில்லை. வேலை ஏஜென்சியாலை வருது. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியிலை செய்தி வந்தா வேலை, வராட்டி இல்லை.

எங்கடை மாடியிலை ஒரு அக்கா இருக்கிறா. கிழமைக்கு நாலு, ஐஞ்சு நாள் முழு ஷிஃப்ட் செய்யிறவ. ஒருநாள் ரெண்டு பஸ் மாறி ஒரு களஞ்சியத்துக்குப் போனா, ஒரு மணித்தியாலத்திலை "இண்டைக்குச் சாமான் குறைவு, வீட்டை போங்கோ" எண்டிட்டினம். போய்வர மூண்டு மணித்தியாலம், சம்பளம் ஒரு மணித்தியாலம். ஒன்ராறியோவிலை மூண்டு மணித்தியால விதி எண்டு ஒண்டு இருக்கு. வழமையா நாளுக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை வேலை செய்யிற ஒருத்தரை வரச்சொல்லிப்போட்டு இப்பிடித் திருப்பி அனுப்பினா, குறைஞ்சது மூண்டு மணித்தியாலச் சம்பளம் குடுக்கவேணும். (தீ, புயல், மின்வெட்டு மாதிரிக் காரணமெண்டா வேறை.) அதைக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் குடுத்தன். மிச்சக் காசு வந்தது. பேந்து மூண்டு கிழமை அவவுக்கு ஒரு செய்தியும் வரேல்லை. "தம்பி, காசு வந்திட்டுது, வேலை போட்டுது" எண்டா.

இதுதான் என்னை உறுத்திற விசயம். காங்கேசன்துறை ஆலை எட்டு மணித்தியாலத்தை வாங்கிப்போட்டு மிச்சம் பதினாறையும் விட்டுது. இந்தக் கைபேசி ஒரு மணித்தியாலத்தைத்தான் வாங்குது, ஆனா 24 மணித்தியாலத்தையும் கட்டிவைக்குது. கூப்பிட்டா போகவேணும். ஆலை வர முந்தின குடிமை வேலையின்ரை விதியும் இதுதானே?

மாணவருக்கும் ஒரு கண்ணி இருக்கு. 2024 நவம்பரிலையிருந்து வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலத்திலை வளாகத்துக்கு வெளியிலை கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதுக்கு மேலை ஆரும் கைக்காசுக்குச் செய்விச்சா, நாங்கள் முறைப்பாடு செய்யமாட்டம் எண்டு முதலாளிக்கு நல்லாத் தெரியும்.

அதாலை ஒரு சின்ன வேலை சொல்லுறன். போன நேரம், தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம் மூண்டையும் ஒவ்வொரு நாளும் உங்கடை கையாலை ஒரு கொப்பியிலை எழுதி வையுங்கோ. செய்தியளை அழிக்காதேங்கோ. முறைப்பாடு எண்டு வரேக்கை அதுதான் கதைக்கும்.

காங்கேசன்துறை ஆலை 1990 இல் யுத்தத்தோடை நிண்டுது. அதிலையோ, பரந்தன் இரசாயனத்திலையோ, வாழைச்சேனைக் கடதாசி ஆலையிலையோ வேலை செய்த அப்பா, மாமா, பெரியப்பா உங்கடை வீட்டிலை இருந்தா, ஷிஃப்ட் எப்பிடி இருந்தது எண்டு கேட்டு எழுதுங்கோ. பின்னூட்டத்திலை எழுதினாலும் சரி, தனிப் பதிவாப் போட்டாலும் சரி.