ஒரு லோரி விறகு என்றால் எவ்வளவு?

அரிசி வாங்கினால் கிலோ பார்க்கிறோம். பூ வாங்கினால்கூட முழம் போட்டுப் பார்க்கிறோம். கோயில் திருவிழாவுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ விறகு வாங்கும்போது மட்டும் "ஒரு லோரி கொண்டாந்து போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எந்த லோரி, எவ்வளவு உயரம், அடுக்கியதா, அள்ளிக் கொட்டியதா என்று யாரும் கேட்பதில்லை. வீடு வீடாக நோட்டை எடுத்துக்கொண்டு போய் வசூலித்த பணம் அது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

முன்பு இப்படிக் கேட்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை. மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்க்கும்போது கிளையும் கட்டையும் மலைபோல் கிடக்கும். லயத்துப் பெண்கள் வேலை முடிந்து வரும்போது தலைச்சுமையாகக் கொண்டு வந்து வீட்டின் பின்புறம் அடுக்கிவைப்பார்கள். அந்தக் கட்டைக்குப் பெரிய விலை கிடையாது. 1980-களில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலைகள் பால்மரக் கட்டையைத் தேடி வாங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இன்னொரு பக்கம், எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. செம்பனைத் தண்டு தண்ணீர் ஊறிய நார், அடுப்புக்கு ஆகாது. ஆகவே சமையல் கேஸ் தோம்புக்கு மாறிவிட்டாலும், அன்னதானம், கல்யாண விருந்து, தீமிதி என்று வரும்போது விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

சரி, லோரிக் கணக்கைப் பார்ப்போம். லோரியின் பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். விறகு 3 அடி உயரத்துக்கு நிற்கிறது. பெருக்கினால் 180 கன அடி. ஆனால் அந்த விறகு அள்ளிக் கொட்டியதாக இருந்தால், இறக்கி ஒழுங்காக அடுக்கிப் பாருங்கள், சுமார் 120 கன அடிதான் தேறும். மூன்றில் ஒரு பங்கு வெறும் சந்து! அடுக்கிய விறகிலும் சந்து உண்டு. கோணலான கட்டைகள் என்றால், அடுக்கில் மரமாக இருப்பது ஏறக்குறைய 60 விழுக்காடுதான்.

இப்போது ஒரு வியாபாரி, கொட்டிய அந்த லோரிக்கு 360 வெள்ளி கேட்கிறார் என்போம். இன்னொருவர் அதே அளவு லோரியில் இரண்டரை அடி உயரத்துக்கு நன்றாக அடுக்கிக் கொண்டுவந்து 400 வெள்ளி கேட்கிறார். (விலை கணக்குக்காகச் சொன்னது, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) பார்வைக்கு முதல் லோரி உயரம், விலையும் குறைவு. கணக்கில் என்ன வருகிறது? முதல்வரிடம் 120 கன அடி, அடிக்கு 3 வெள்ளி. இரண்டாமவரிடம் 150 கன அடி, அடிக்கு 2 வெள்ளி 67 காசு. குறைந்த விலைக்காரர்தான் கூடுதலாக வாங்குகிறார்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கன அளவு நடத்தியபோது, கோயில் மண்டபத்தின் பின்னால் இறக்கியிருந்த விறகை அடுக்கி அளக்கச் சொன்னேன். மூன்று குழுவுக்கு மூன்று விடை வந்தது. மூன்றுமே விற்றவர் சொன்ன அளவுக்குக் கீழே! பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கோயில் தலைவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு மீட்டர், அதாவது 3 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல், நீளமுள்ள கயிறு போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருந்தால் அது ஒரு கன மீட்டர். ஏறக்குறைய 35 கன அடி. அடுக்கும்போது கட்டைகள் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் உயரம் காட்டும், உள்ளே கை நுழையும்.

எடைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். நிறுவை என்றாலே நியாயம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். விறகில் அது அப்படியல்ல. புதிதாக வெட்டிய பால்மரக் கட்டை 100 கிலோ நிறுத்தால், அதில் சுமார் 40 கிலோ தண்ணீர். காய்ந்த பிறகு அதே கட்டை 70 கிலோ அளவில் நிற்கும். பச்சைக் கட்டை கிலோ 20 காசு என்றால், காய்ந்த கட்டையை ஏறக்குறைய 29 காசுக்கு வாங்குவதற்கு அது சமம். தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கும் நம் நெருப்புத்தான் எரிகிறது. அண்டாவில் உலை கொதிக்காமல், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவர்கள் நம் தாய்மார்கள். என்னைக் கேட்டால், பச்சைக் கட்டையை அடுக்கி அளந்து வாங்குங்கள். காய்ந்தால் அதன் அளவு அதிகம் சுருங்காது. நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடைக்கு வாங்கலாம்.

காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். பச்சை என்றால் 'தொப்'பென்று அமுங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையை நிறுத்து, அடுத்த வாரமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் இன்னும் காயவில்லை.

தொழிற்சாலைத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்பார்கள். பால்மரக் கட்டையை வண்டு அரிக்காமலிருக்க மருந்தில் ஊறவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். சாயம் பூசிய பலகை, பசை போட்டு ஒட்டிய பலகை எல்லாமே சமையலுக்கு ஆகாதவை. மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டு அடுப்புக்கே விறகை விலைக்கு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. 14 கிலோ கேஸ் தோம்பு செய்யும் சமையலை அந்த அடுப்பில் செய்ய ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். உங்கள் ஊரில் கிலோ என்ன விலையோ, அதோடு பெருக்கிப் பாருங்கள். சும்மா கிடைக்கும் விறகு வேறு கதை.

வியாபாரியிடம் பேசும்போது கூச்சப்பட வேண்டாம். "அண்ணே, அடுக்கி அளந்து, கன மீட்டருக்கு என்ன விலை?" என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். இறக்குகூலி யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பணத்தில் ஒரு பகுதியை அளந்த பிறகு கொடுங்கள். அளவு எழுதிய ரசீது கேளுங்கள். எடைக்கு வாங்கினால் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1972ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டத்தின்படி, வியாபாரத் தராசுகள் சோதித்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.

சித்திரையில் திருவிழா என்றால், தைப்பூசம் முடிந்த கையோடு விறகுக்குச் சொல்லிவிட வேண்டும். பிளந்து, கூரையடியில், தரையில் படாமல் கீழே இரண்டு கட்டை கொடுத்து அடுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். மண்ணில் போட்டுவைத்தால் பால்மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விடாது. திருவிழாவன்று மிஞ்சுவது பாதி விறகும் பாதித் தூளும்தான்.