மூட்டுவலிக்கான அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும் அவற்றின் பாதுகாப்பான பயன்பாடும்

மூட்டுவலிக்காக மருத்துவர் சில நாட்களுக்கென எழுதித்தந்த மாத்திரையை, வலி திரும்பும்போதெல்லாம் அதே பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் வழக்கம், தமிழகத்தில் குறிப்பாக முதியோரிடையே வேரூன்றியுள்ளது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் முதலிய இம்மருந்துகள் ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உரிய காலத்துக்கு, உரிய அளவில், உரியவருக்குத் தரப்படும்போது இவை பெரும் நிவாரணம் அளிப்பவை என்பதில் ஐயமில்லை. கண்காணிப்பின்றித் தொடரும்போதுதான் இவற்றின் தீங்கு வெளிப்படுகிறது.

வலி குறைவது எவ்வாறு?

உடலின் ஒரு பகுதி காயமுறும்போதோ, நோய் எதிர்ப்பு மண்டலம் தவறுதலாக அதனைத் தாக்கும்போதோ அங்கே வீக்கமும் சூடும் சிவப்பும் வலியும் தோன்றுவதையே அழற்சி என்பர். அழற்சியைத் தூண்டுவதில் முதன்மையான பங்குவகிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள், சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதியின் துணையுடன் உடலிலேயே உருவாகின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய மருந்தியலாளர் வெளிப்படுத்தினார். 1982-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தைப் பேணுவதும், சிறுநீரகத்துக்குள் பாயும் ரத்தத்தின் அளவைச் சீராக வைத்திருப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்களின் பணியாதலால், மூட்டில் அவற்றைக் குறைக்கும் மாத்திரை இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் அவற்றைக் குறைத்துவிடுகிறது. நன்மையும் தீமையும் ஒரே செயலின் விளைவுகள் என்பதனால், பக்கவிளைவே இல்லாத வலி மாத்திரை என்று எந்தப் பெயரிலும் ஒன்று கிடையாது.

எந்த மூட்டுநோய் என்பதை அறிதல்

மூட்டுத் தேய்விலும், ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுவதால் கால் பெருவிரல் முதலிய மூட்டுகளில் திடீரென வீக்கம் காணும் கவுட் நோயிலும், முடக்குவாதத்திலும் இம்மாத்திரைகள் வலியைத் தணிக்கின்றன. ஆயினும் முடக்குவாதத்தில் மூட்டு சிதைவதை இவை தடுப்பதில்லை. அதனைத் தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். வலி மாத்திரையால் வலி அடங்கியிருப்பதையே குணமென நம்பி மருத்துவரைக் காணாமல் இருப்பவர், மூட்டைக் காப்பாற்றக்கூடிய காலத்தை இழந்துவிடுகிறார். காலையில் எழும்போது கைவிரல் மூட்டுகளின் இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்குமாயின், அதனை வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடலாகாது.

இரைப்பைக்கு நேரும் தீங்கு

இம்மருந்துகளால் உண்டாகும் இரைப்பைப் புண் பல நேரங்களில் முன்னறிவிப்பாக வயிற்றுவலியைக்கூடத் தருவதில்லை. ரத்தக்கசிவோ, குடலில் துளையோ ஏற்பட்ட பிறகே தெரியவருவதும் உண்டு. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், முன்பு அல்சர் வந்தவர், ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளையோ ஸ்டீராய்டு மாத்திரைகளையோ உட்கொள்பவர், மது அருந்துபவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதலாகும்.

சாப்பிட்ட பின் மாத்திரை போட்டுக்கொண்டால் வயிறு பாதிக்கப்படாது என்ற நம்பிக்கை பாதி உண்மையே. உணவு எரிச்சலைக் குறைக்கலாம். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்தே சளிப்படலத்தை வலுவிழக்கச் செய்வதால், உணவு மட்டும் புண்ணைத் தடுத்துவிடாது. ஊசியாகப் போட்டுக்கொள்வதற்கும் இதே விதி பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. வயிற்றைத் தொடாமல் ஊசி வழியே சென்றாலும் மருந்து ரத்தத்தின் மூலம் இரைப்பையை வந்தடையவே செய்கிறது. ஆபத்து மிக்கவர்களுக்கு ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்ற அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் சேர்த்துத் தருவர். அதனை உணவுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும்.

சிறுநீரகமும் இதயமும்

உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்வோரே மூட்டுவலியாலும் பெரிதும் துன்புறுவதால், இப்பகுதி கூடுதல் கவனத்துக்குரியது. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகளில் ஒன்றும், சிறுநீரை அதிகரித்து உடலிலுள்ள நீரைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், வலி மாத்திரையும் ஆகிய மூன்றும் ஒருசேரச் சேரும்போது சிறுநீரகத்தின் ரத்த ஓட்டம் மூன்று வழிகளில் நெருக்கப்பட்டு, அது திடீரெனச் செயலிழக்க நேரலாம். இவற்றுள் முதலிரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் விற்கப்படுவதால், தாம் உட்கொள்வது இரண்டு மருந்துகள் என்பது நோயாளிக்கே தெரியாமல் போவதுண்டு. கோடை வெயிலில் உடல் நீரிழந்திருக்கும்போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளபோதும் இந்த ஆபத்து பன்மடங்காகும். இந்தியாவில் கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து அவ்வினங்களையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியதால், 2006-இல் அதன் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மனித உடல் அம்மருந்தைப் பறவைகளைவிட நன்கு தாங்குகிறது என்பது உண்மையே. எனினும் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவருக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. மாதக்கணக்கில் இம்மருந்து தேவைப்படுவோர் ரத்த அழுத்தத்தையும், ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாதது.

இரைப்பைக்குத் தீங்கு குறைவு என்ற எதிர்பார்ப்புடன் 1999-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரோஃபகாக்சிப் என்ற மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிப்பது ஆய்வில் தெரியவந்ததால் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்பிரின் நீங்கலாக இக்குடும்பத்தின் பிற மருந்துகளும், பயன்படுத்தத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இத்தகைய ஆபத்தைக் கூட்டக்கூடும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் தன் எச்சரிக்கையை வலுப்படுத்தியது. இதயநோய்க்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொள்பவர் இபுப்ரோஃபெனையும் சேர்த்து உட்கொண்டால், ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பே குறைந்துவிடலாம் என்பதனால் மருத்துவரைக் கேளாமல் அவ்விரண்டையும் சேர்க்கலாகாது.

ஒரே மருந்து, பல பெயர்கள்

அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை இந்தியாவில் பல வணிகப் பெயர்களில் கிடைக்கிறது. முழங்கால் வலிக்கு ஒருவர் தந்த அத்தகைய மாத்திரையுடன், பல்வலிக்கு மற்றொருவர் தந்த டைக்ளோஃபெனாக்கையும், காய்ச்சலுக்கென வீட்டிலிருந்த பாரசிட்டமாலையும் ஒரே நாளில் விழுங்குபவர், அழற்சி எதிர்ப்பு மருந்து, பாரசிட்டமால் ஆகிய இரண்டையும் அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொள்ள நேரலாம். இக்குடும்பத்தின் இரண்டு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்வதால் நிவாரணம் இரட்டிப்பாவதில்லை, ஆபத்து மட்டுமே பெருகும். அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் உண்மைப் பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் தேவை.

காய்ச்சலும் கர்ப்பமும்

மழைக்காலத்தில் காய்ச்சலுடன் மூட்டுவலி வரும்போது அதனைச் சிக்குன்குனியா என்று தாமாகவே முடிவுசெய்து வலி மாத்திரை போட்டுக்கொள்வது ஆபத்தானது; அது டெங்குவாக இருப்பின் ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். டெங்கு இல்லையென உறுதியாகும்வரை பாரசிட்டமால் மட்டுமே உகந்தது. கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரங்களைக் கடந்தவர்கள், மருத்துவர் சொன்னாலன்றி இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு கண்ட ஆஸ்துமா நோயாளிகளுக்கும் இவை ஆகா.

பூச்சு மருந்தும் எச்சரிக்கைக் குறிகளும்

முழங்காலிலும் கைவிரல்களிலும் ஏற்படும் மூட்டுத் தேய்வுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பூசுவதே முதலில் கருதத்தக்கது; பூசப்படும் மருந்தில் சிறு பங்கே ரத்தத்தில் சேர்வதால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை மிகக் குறைவு. தொடைத் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும், உடல் எடையைக் குறைப்பதும் மாத்திரையின் தேவையையே குறைக்கின்றன. மாத்திரை தேவைப்பட்டால், வலியைத் தாங்கச்செய்யும் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு உட்கொள்வதே முறை.

மலம் தார்போலக் கறுத்துப் போதல், வாந்தியில் ரத்தம், சிறுநீர் குறைதல், முகமும் கால்களும் வீங்குதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எதுவொன்று தோன்றினும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.